குற்று

மூன்றாவது விளக்கு எரியவில்லையாம்.
மாசி நாலுக்கு முன்னம் எரியவேணும்.
லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏணியைப் போட்டுக்கொண்டு
முல்லைத்தீவு றோட்டால் வந்து சேர்ந்தேன்.

வெண்கலச் சிப்பாய் என்னைவிட நாலு மடங்கு உயரம்.
துவக்கு நுனியில் ஒரு இரட்டைவால் குருவி
வாலை வெட்டி வெட்டிப்
புல்லுக்குள் பூச்சி பார்த்தது.
விளக்குக்கூட்டைத் திறந்தேன்.
வயரை முழுதாய் மூடி, ஐந்து அறை வைத்துக்
குளவி மண்வீடு கட்டியிருந்தது.
திருப்புளியால் சுரண்டினேன்.
காய்ந்த மண் கண்ணுக்குள் விழுந்தது.

காவலுக்கு நின்ற பெடியன் திலும்,
மொனராகலையாம்,
கேளாமலே ஏணியின் காலைப் பிடித்தான்.
சுனாமி வந்த வருசம் பிறந்தவன்.
"அண்ணே, இது நடக்கிற நேரம் நீங்க எங்க?"
"இங்கதான்."
அவனுக்கு அந்தத் தமிழ் போதவில்லையோ, கூடிவிட்டதோ,
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

குருநாகலில் இருந்து ஒரு பஸ்.
வெள்ளைச் சட்டைகள், வாழைப்பழச் சீப்பு,
செல்பிக்கு நீளும் கைகள்.
ஒரு தாய் மட்டும் சிப்பாயின் முகத்தைப் பார்க்காமல்
சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
திலும் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.
வாங்கவில்லை.
ஏணி படத்தில் விழுகிறது என்றார் ஒருவர்,
மரியாதையாகத்தான்.
இறங்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு
கல்வெட்டுப் பக்கம் ஒதுங்கினேன்.

அப்படித்தான் வாசித்தேன்.
கறுப்புக் கல், பொன் எழுத்து, மூன்று மொழி.
நடுவில், எங்கட மொழியில்,
"தேசப்பறறு" என்று கிடந்தது.
முதல் றகரத்துக்குக் குற்று இல்லை.

எனக்கு இந்தச் சொல்லை வேறு வழியாய்த் தெரியும்.
பிறப்புப் பத்திரத்தில் கரைத்துறைப்பற்று.
சங்கக்கடைக் கொப்பியில் இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.
அம்மாவின் பெயர் எழுதிய ஒற்றையில்
வலது எப்போதும் வெள்ளைதான்.
பிறகு ஒருநாள் படலையைத் திறந்து வந்தார்கள், எங்கட ஆட்கள்.
அதே சொல்லைப் பிழையில்லாமல் சொன்னார்கள்.
வீட்டுக்கு ஓராள் என்றார்கள்.
நிமலன் செருப்புப் போடாமல் போனான்.
மூத்தவன் நான்
மரவள்ளிக்குள் குப்புறப் படுத்திருந்தேன்.
அதையும் எழுதத்தான் வேணும்.

அவனுக்கும் ஒரு கல் இருந்தது,
பதினோராம் வரிசையில், பூவரச மரத்துக்கு நேரே.
மெசின் வந்து கிளறிய அந்தக் காணியில்
பிறகு ஒரு கன்டீன் எழும்பியது.
அதற்கு வயர் இழுத்தவன் நான்தான்.
இரண்டு ரியூப்லைற், ஒரு காற்றாடி.
காசு வாங்கினேன்.
பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
சுவிச்சைப் போட்டுப் பார்த்தபோது
காற்றாடி சத்தமில்லாமல் சுற்றியது.

எந்தக் கொடிக்கும் என் கை தானாக எழும்புவதில்லை.
கூலி பேசினால் ஏறிக் கட்டிவிட்டு இறங்கும்.
ஆனால் ஒரு றகரம் குற்றில்லாமல் வெயிலில் நிற்பதை
ஏனோ பொறுக்கமுடியவில்லை.
மஞ்சள் டேப்பில் கடுகளவு நறுக்கி
நகத்தால் அழுத்தி ஒட்டினேன்.
பொன்னுக்குப் பக்கத்தில் அவ்வளவு மோசமில்லை.

திலும் கண்டுவிட்டான்.
"என்ன அழிச்சீங்க?"
"அழிக்கேல்லை. குற்றுப் போட்டனான்."
"குத்தா?"
அவன் படித்த தமிழில் அது அடிபாட்டுச் சொல்.
கை ஒருகணம் துவக்குப் பட்டிக்குப் போய்த் திரும்பியது.
விரலை வைத்துக் காட்டினேன்.
குனிந்து, வாசிக்கத் தெரியாத கண்ணால்
வெகுநேரம் பார்த்தான்.
றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான்.
"சரி, லைட்டைப் பாருங்க."

பொழுதுபட முன்னம் போட்டுப் பார்த்தேன். எரிந்தது.
சிப்பாயின் இடது காதுவரை வெளிச்சம்.
துண்டில் அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கையில்
குளவி திரும்பி வந்தது,
வாயில் ஒரு உருண்டை ஈரமண்ணோடு.
நான் இறுக்கி மூடிய கூட்டைச் சுற்றி,
பிறகும் சுற்றி,
வாசல் இருந்த இடத்திலேயே
முட்டிக்கொண்டிருந்தது.